மருந்து எந்த நிலையில் ஒட்டுகிறது? வடிவம் மாறும் சோடியம் சேனலுக்கு மாதிரி அமைக்கும் முறை

கேள்வியின் சுருக்கம் இது: இதயச் செல்லின் சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் புரதமான சோடியம் சேனலுக்கு ஒரு மார்க்கோவ் மாதிரி (சேனல் சில நிலைகளுக்கிடையே குறிப்பிட்ட வேகங்களில் தாவுவதாகக் கொள்ளும் கணித மாதிரி) இருக்கிறது. அதில் சேனலைத் தடுக்கும் லிடோகெய்ன் என்ற மருந்தைச் சேர்க்க, முதலில் மொத்த மின்னோட்டத்தையும் ஒரே ஐசி50 (மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்துச் செறிவு) காரணியால் குறைத்துப் பார்த்தாயிற்று. துடிப்பு வேகம் கூடக் கூடத் தடையும் கூட வேண்டும், அது வரவில்லை. அடுத்து, சேனலின் ஒவ்வொரு நிலைக்கும் மருந்து பிணைந்த ஒரு நிலையைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிகை மாறிலி (எண் சிறிதானால் மருந்தின் பிடி இறுக்கம்) கொடுத்தாயிற்று. இப்போது ஏதோ ஒரு தடை வருகிறது, ஆனால் வோல்டேஜை அசையாமல் வைத்தாலும்கூட, கொடுத்த மாறிலிகளிலிருந்து கையால் போடும் கணக்கும் கணினி தரும் விடையும் ஒத்துப்போவதில்லை. பிழை எங்கே, இதைச் சரியாக அமைப்பது எப்படி?

பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். மருந்து பிணையாத நிலைகளுக்கிடையே உள்ள வேக மாறிலிகளை, மருந்து பிணைந்த நிலைகளுக்கிடையேயும் அப்படியே நகலெடுத்திருப்பீர்கள். நிலைக்கு நிலை நாட்டம் (மருந்து எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பது) மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, மருந்து சேனலின் அசைவைத் தொடவே இல்லை என்று மறுபக்கம் எழுத முடியாது. இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். முடங்கிய நிலையை, அதாவது வோல்டேஜ் உயர்ந்தபின் சேனல் தானே அடைத்துக்கொண்டு சிறிது நேரம் திறக்க முடியாமல் இருக்கும் நிலையை, மருந்து இறுகப் பற்றுகிறது என்றால், மருந்து பிணைந்த சேனல் முடக்கத்தை விட்டு வெளியே வரத் தயங்குகிறது என்பதும் அதே வாக்கியத்தின் பொருள்தான்.

முதலில் ஐசி50 ஏன் போதவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். உள்ளூர் மயக்க மருந்துகள் சோடியம் சேனலைத் தடுக்கும் அளவு, சேனல் எவ்வளவு அடிக்கடி திறக்கப்படுகிறது, எந்த வோல்டேஜில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்று 1970-களின் முற்பகுதியிலேயே தெரிந்துவிட்டது. நிரந்தர மின்னேற்றம் கொண்ட கியூஎக்ஸ்-314 என்ற லிடோகெய்ன் வழிப்பொருளை வைத்து 1973-இல் ஸ்ட்ரிச்சார்ட்ஸ் காட்டியது முக்கியமான படி. 1977-இல் பெர்டில் ஹில்லும், தனியாக ஹோண்டெகம், கட்சங் இருவரும் அதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள்: சேனலுக்கு ஓய்வு, திறப்பு, முடக்கம் என மூன்று நிலைகள், ஒவ்வொன்றிலும் மருந்து பிணையும் இடத்தின் நாட்டம் வேறு, மருந்து பிணைந்ததும் நிலைகளுக்கிடையே உள்ள சமநிலை நகர்கிறது. இதுதான் மாறும் ஏற்பிக் கருதுகோள். 1983-இல் பீன், கோஹன், சியென் மூவரும் முயலின் பர்கின்ஜி இழைகளில் அளந்தபோது, முடங்கிய சேனலுக்கு லிடோகெய்னின் பிரிகை மாறிலி ஏறத்தாழ 10 மைக்ரோமோலார், ஓய்வுச் சேனலுக்குச் சில நூறு மைக்ரோமோலார் என்று வந்தது.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஓய்வு மாறிலி 400, முடக்க மாறிலி 10 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தில்லாதபோது பாதிச் சேனல்கள் முடங்கும் வோல்டேஜ் −80 மில்லிவோல்ட், வளைவின் சாய்வுக் காரணி 6 மில்லிவோல்ட். சமநிலையில் நாம் அளக்கும் தோற்ற மாறிலி இப்படி வரும்:

1 ÷ தோற்ற மாறிலி = (ஓய்வுப் பங்கு ÷ ஓய்வு மாறிலி) + (முடக்கப் பங்கு ÷ முடக்க மாறிலி)

−120 மில்லிவோல்ட்டில் முடங்கியவை ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்றே மேல்; விடை சுமார் 380 மைக்ரோமோலார். −90-இல் 16 விழுக்காடு முடங்கியிருக்கும், விடை 56. −80-இல் 19.5. −70-இல் 12. அதே மருந்து, அதே சேனல். பிடித்துவைத்த வோல்டேஜை 50 மில்லிவோல்ட் நகர்த்தியதற்கு ஐசி50 முப்பது மடங்குக்கு மேல் மாறுகிறது. ஐசி50 என்பது மருந்தின் எண் அல்ல. மருந்தும் புரோட்டோகாலும், அதாவது அளக்கும்போது தரும் வோல்டேஜ் வரிசையும், சேர்ந்து தரும் எண். ஒரு கட்டுரையிலிருந்து ஐசி50 எடுக்கும்போது பிடிப்பு வோல்டேஜ், துடிப்பு நீளம், இடைவெளி, வெப்பநிலை நான்கையும் கூடவே எடுத்துவராவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

இனி உங்கள் மாதிரியின் கணக்குப் பிழைக்கு வருவோம். நான்கு நிலைகள் மட்டும் உள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஓய்வு, முடக்கம், பிணைந்த முடக்கம், பிணைந்த ஓய்வு. வெப்ப இயக்கவியல் இங்கே ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறது. சதுரத்தை வலமாகச் சுற்றும்போது வரும் நான்கு வேக மாறிலிகளின் பெருக்கமும் இடமாகச் சுற்றும்போது வரும் நான்கின் பெருக்கமும் சமமாக இருக்க வேண்டும். இதை நுண் மீள்தன்மை என்பார்கள். இது மீறப்பட்டால், வோல்டேஜ் அசையாமல் இருக்கும்போதும் சேனல்கள் அந்தச் சதுரத்தை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கிருந்தும் வராத ஆற்றலில் ஓடும் இயந்திரம் ஒன்றை நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிபந்தனையை நம் எண்களில் போட்டால், பிணைந்த சேனலில் முடக்கத்துக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதம், பிணையாத சேனலில் உள்ளதைவிட 400 ÷ 10, அதாவது 40 மடங்கு முடக்கத்தின் பக்கம் சாய வேண்டும். வோல்டேஜில் சொன்னால், பிணைந்த சேனலின் முடக்க வளைவு இடப்பக்கம் 6 × ln 40, அதாவது சுமார் 22 மில்லிவோல்ட் நகர்ந்திருக்கும். இங்கே ln என்பது இயல் மடக்கை.

நகலெடுத்த மாதிரியில் என்ன நடக்கிறது? இரு நிலைகளிலும் பிணையும் வேகம் ஒன்றே என்று கொடுத்து, பிரியும் வேகத்தை மட்டும் மாற்றியிருந்தால், கேட் (சேனலின் கதவு) அசைவு மருந்தைவிட வேகமாக இருக்கும் எல்லையில் தோற்ற மாறிலி வெறும் சராசரியாகிவிடும். −90-இல் 56 வர வேண்டிய இடத்தில் 338 வரும், −80-இல் 19.5-க்குப் பதில் 205. கையால் போட்ட கணக்கும் கணினியும் ஒத்துப்போகாததன் காரணம் இதுதான். இறுகப் பற்றிய மூலக்கூறுகள் எல்லாம் பிணைந்த ஓய்வு நிலை வழியாகச் சுலபமாக நழுவிப் போகின்றன.

40 மடங்கை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. வழக்கமாகக் கிடைக்கும் விளக்கங்கள் இந்த இடத்தைத் தாவிச் சென்றுவிடுகின்றன. ஆனால் மாதிரி உயிர்பெறுவதும் கெடுவதும் இங்கேதான். பிணைந்த சேனல் முடக்கத்திலிருந்து மீளும் வேகத்தை 40-ஆல் வகுக்கலாம். அல்லது முடங்கும் வேகத்தை 40-ஆல் பெருக்கலாம். அல்லது 40-இன் வர்க்கமூலமான 6.3-ஐ இரண்டுக்கும் பகிரலாம். மூன்றும் நுண் மீள்தன்மைக்கு உட்பட்டவை. மூன்றும் சமநிலையில் ஒரே விடையைத் தரும். ஆனால் காலத்தில் முற்றிலும் வேறுபடும்.

எடுத்துக்காட்டுக்கு −100 மில்லிவோல்ட்டில் மருந்தற்ற சேனல் 10 மில்லிவினாடிக் காலமாறிலியோடு மீள்கிறது என்க. முடங்கிய நிலையிலிருந்து மருந்து பிரியும் வேகம் நொடிக்கு 5. பிணையும் வேகம் இரு நிலையிலும் மோலாருக்கு நொடிக்கு 5 × 10^5, ஆகவே ஓய்வு நிலையிலிருந்து பிரியும் வேகம் நொடிக்கு 200. மருந்து மீண்டும் ஒட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு, பிணைந்து முடங்கிய ஒரு சேனல் மருந்தை உதற எடுக்கும் சராசரி நேரத்தைக் கணக்கிட்டால்: மீளும் வேகத்தைக் குறைத்த மாதிரியில் ஏறத்தாழ 135 மில்லிவினாடி, பகிர்ந்த மாதிரியில் 55, முடங்கும் வேகத்தைக் கூட்டிய மாதிரியில் 20. முதல் மாதிரி லிடோகெய்ன் போல நடக்கும். கடைசி மாதிரியில் அடுத்த துடிப்பு வருவதற்குள் எல்லாச் சேனல்களும் விடுபட்டிருக்கும். துடிப்பு வேகத்தோடு தடை கூடுவது காணவே கிடைக்காது. ஆக, நிலையான வோல்டேஜில் எடுத்த தரவை எவ்வளவு நுணுக்கமாகப் பொருத்தினாலும் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது. மீட்சித் தரவு கட்டாயம் வேண்டும்.

நான்கு நிலைச் சதுரத்தில் ஒரு சுற்றுதான். உண்மையான சோடியம் சேனல் மாதிரியில் மூன்று மூடிய நிலைகள், ஒரு திறந்த நிலை, பல முடக்க நிலைகள் இருக்கும். மருந்தற்ற பகுதியில் 8 நிலைகளும் 10 இணைப்புகளும் இருந்து, அதை அப்படியே இரட்டித்து, ஒவ்வொரு நிலையையும் அதன் பிணைந்த இணையோடு சேர்த்தால், தனித்தனியான சுற்றுகள் 13 வரும். ஒவ்வொன்றுக்கும் கையால் நிபந்தனை எழுதினால் எங்காவது தவறும். இதைவிடப் பாதுகாப்பான வழி ஆற்றலில் எழுதுவது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஆற்றல் மதிப்புக் கொடுங்கள். பிணைந்த நிலையின் ஆற்றல் = பிணையாத நிலையின் ஆற்றல் + வாயு மாறிலி × வெப்பநிலை × ln (அந்த நிலையின் பிரிகை மாறிலி ÷ மருந்துச் செறிவு). எந்த இணைப்பிலும் முன்னோக்கிய, பின்னோக்கிய வேகங்களின் விகிதத்தை இந்த ஆற்றல் வேறுபாட்டிலிருந்தே எடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரே ஒரு வேக எண்ணை மட்டும் சுதந்திரமாக விடுங்கள். எத்தனை சுற்றுகள் இருந்தாலும் எல்லாம் தானாகவே சரியாக இருக்கும். பொருத்த வேண்டிய எண்களும் குறையும்.

நேர்மையாக ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சேனல் வழியாக அயனிகள் செறிவுச் சரிவில் இறங்கி ஓடுவது ஓர் ஆற்றல் மூலம். கேட் அசைவு அந்த ஓட்டத்தோடு பிணைந்திருந்தால் நுண் மீள்தன்மை மீறப்படலாம். மின்கதிர் மீனின் குளோரைடு சேனலில் ரிச்சர்டும் மில்லரும் 1990-இல் அதைக் காட்டினார்கள். ஆனால் அது தரவு கட்டாயப்படுத்தியதால் வந்த முடிவு. லிடோகெய்ன் மாதிரியில் தற்செயலாக வந்த மீறலுக்கு அதைச் சாக்காகக் கொள்ளக் கூடாது.

எழுதி முடித்ததும் மூன்று சோதனைகள் செய்யுங்கள்; அரை மணி நேரம்கூட ஆகாது. மருந்துச் செறிவைச் சுழியாக்கினால் பழைய மாதிரி தசம இலக்கம் பிசகாமல் திரும்ப வர வேண்டும். வோல்டேஜை ஓரிடத்தில் நிறுத்தி நீண்ட நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் நிகர ஓட்டத்தைக் கணக்கிட்டால் எல்லா இணைப்பிலும் சுழி வர வேண்டும். எங்காவது மிச்சம் இருந்தால் அந்த இணைப்பு இருக்கும் சுற்றில்தான் பிழை. பிறகு −120, −90, −80, −70-இல் தோற்ற மாறிலியை எடுத்து, மேலே சொன்ன சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். முடக்க வளைவின் நகர்வையும் பார்க்கலாம்: 6 × ln [(1 + செறிவு ÷ 10) ÷ (1 + செறிவு ÷ 400)]. 20 மைக்ரோமோலாரில் 6.3 மில்லிவோல்ட், 100-இல் 13, செறிவு எவ்வளவு கூடினாலும் 22-ஐத் தாண்டாது. அலகுகளையும் ஒருமுறை பாருங்கள். மோலாருக்கு நொடிக்கு 5 × 10^5 என்பது மைக்ரோமோலாருக்கு மில்லிவினாடிக்கு 0.0005. ஆயிர மடங்குத் தவறுகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. வேகங்கள் மைக்ரோவினாடி முதல் நொடிகள் வரை பரவியிருப்பதால், சாதாரண முன்னோக்கு ஆய்லர் முறை சிதறும். விறைப்பான சமன்பாடுகளுக்கான உள்ளுறை முறையையோ அணி அடுக்குக்குறி முறையையோ பயன்படுத்துங்கள்.

தரவு சேகரிக்கும் பகுதி. ஒவ்வொரு நிலையையும் தனித்துக் கேள்வி கேட்கும் புரோட்டோகால்கள் வேண்டும்.

ஓய்வு நாட்டத்துக்கு −120 அல்லது அதற்கும் கீழே பிடித்து, 20 அல்லது 30 நொடிக்கு ஒருமுறை மட்டும் ஒரு குறுந்துடிப்பு. முடக்க நாட்டத்துக்கும் பிணையும் வேகத்துக்கும், −50 போன்ற வோல்டேஜில் 5 மில்லிவினாடி முதல் சில நொடிகள் வரை நீளும் முன்துடிப்பு. அதன்பின் −120-இல் 20 மில்லிவினாடி இடைவெளி. பிறகு சோதனைத் துடிப்பு. அந்த இடைவெளியில் மருந்தற்ற சேனல்கள் மீண்டுவிடும். மருந்து பிணைந்தவை பெரும்பாலும் மீளா. ஆனால் அந்த 20 மில்லிவினாடியில் கொஞ்சம் மருந்து பிரிந்தும் போகும் என்பதால், இடைவெளியை மாதிரியிலும் அப்படியே வைத்துப் பொருத்துங்கள். தடையின் அளவை நேரடியாக வாசித்துவிடாதீர்கள். தடை படியும் வேகத்தை மூன்று நான்கு செறிவுகளில் எடுத்து, காலமாறிலியின் தலைகீழைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். சாய்வு பிணையும் வேகம், வெட்டுத்துண்டு பிரியும் வேகம். நம் எண்களில் 20 மைக்ரோமோலாரில் 67 மில்லிவினாடி, 100-இல் 18. கோடு வளைந்தால் பிணைப்புக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. செல்லுக்குள் மருந்து நுழையும் நேரமாகவோ நிலை மாறும் நேரமாகவோ அது இருக்கலாம்.

மீட்சிக்கு, முன்துடிப்புக்குப் பிறகான இடைவெளியை 1 மில்லிவினாடி முதல் 10 நொடி வரை மடக்கை அளவில் பரப்புங்கள். இரண்டு வேறு வோல்டேஜ்களில் எடுத்தால்தான் மருந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரியும். கடைசியாக 1, 5, 10 ஹெர்ட்ஸில் துடிப்புத் தொடர்கள். இந்தத் தொடர்களைப் பொருத்தப் பயன்படுத்தாமல், முன்கணிப்புச் சோதனைக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

திறந்த நிலைக்கான நாட்டத்தை எடுப்பதுதான் கடினம். சேனல் திறந்திருப்பதே ஓரிரு மில்லிவினாடி. முடக்கக் கேட்டின் ஐசோலூசின், ஃபினைல்அலனின், மெத்தியோனின் மூன்றையும் குளுட்டமினாக மாற்றிய சேனல் முடங்குவதில்லை. அதில் திறந்த நிலைத் தடையை நேரடியாகப் பார்க்கலாம். ஃபிளெக்கைனைடு போன்ற இதயத் துடிப்பு மருந்துக்கு இது அவசியம், ஏனெனில் அது பெரும்பாலும் திறந்த சேனலில்தான் நுழைகிறது.

இதில் கெடும் இடங்கள் பல. எல்லாவற்றிலும் மோசமானது முடக்க வளைவின் இயல்பான நகர்வு. முழுச்செல் பதிவில் சோடியம் சேனலின் முடக்க வளைவு நேரம் செல்லச் செல்ல மருந்தே இல்லாமல் இடப்பக்கம் நகரும். −80-இலிருந்து −86-க்கு நகர்ந்தது என்று வையுங்கள். −90-இல் பிடித்திருந்தால் கிடைக்கும் சேனல்கள் 84 விழுக்காட்டிலிருந்து 66-க்கு இறங்கும். மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லாமல் மின்னோட்டம் 21 விழுக்காடு குறைந்துவிட்டது. மருந்தை அதே நேரத்தில் ஊற்றியிருந்தால் பழி மருந்தின்மேல் விழும். மருந்தில்லாத செல்களிலும் அதே கால அட்டவணையில் பதிவு எடுத்து வகுத்தே தீர வேண்டும். மருந்தைக் கழுவியபின் மின்னோட்டம் மீள்கிறதா என்பதையும் பாருங்கள். அடுத்தது தொடர்தடை, அதாவது பதிவு மின்முனை வழியில் வரும் மின்தடை: 5 நானோஆம்பியர் மின்னோட்டமும் ஈடுசெய்யப்படாத 2 மெகாஓமும் சேர்ந்தால் 10 மில்லிவோல்ட் பிழை. வெளிக்கரைசலில் சோடியத்தைக் குறைத்து மின்னோட்டத்தைச் சிறிதாக்குங்கள். நீண்ட முன்துடிப்புகளில் மெது முடக்கம் தானாகவே சேரும். மருந்தில்லாமல் அதே நீளத்தில் எடுத்த பதிவு இல்லையென்றால் அதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

வெப்பநிலை: அறை வெப்பத்தில், 22 பாகையில் எடுத்த வேகங்களை 37 பாகை இதய மாதிரியில் போடுவது வழக்கமான தவறு. கியூ10 (10 பாகை கூடும்போது வேகம் எத்தனை மடங்காகிறது என்பது) மதிப்பு 2 என்றால் 15 பாகைக்கு 2.8 மடங்கு, 3 என்றால் 5.2 மடங்கு. நாட்டம் அதிகம் மாறாவிட்டாலும் மீட்சி நேரம் மாறும். துடிப்பு வேகச் சார்பு முழுவதும் மீட்சி நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

செறிவைப் பற்றியும் ஒரு சொல். லிடோகெய்னின் சிகிச்சை அளவு இரத்தப் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு 1.5 முதல் 5 மைக்ரோகிராம். மூலக்கூறு எடை 234 என்பதால் ஏறத்தாழ 6 முதல் 21 மைக்ரோமோலார். ஆனால் அதில் பெரும்பகுதி புரதத்தில் ஒட்டியிருக்கும். மாதிரியில் போட வேண்டியது புரதத்தில் ஒட்டாத பகுதியை மட்டுமே.

மின்னேற்றத்தையும் விட்டுவிடக் கூடாது. லிடோகெய்னின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னேற்றத்தோடு இருக்கும் பிஎச், சுமார் 7.9. பிஎச் 7.4-இல் 24 விழுக்காடு மின்னேற்றமற்ற வடிவில் இருக்கும். இரத்தம் போகாத திசுவில் பிஎச் 6.9 ஆனால் அது 9 விழுக்காடாகச் சுருங்கும். ஃபிளெக்கைனைடின் பிகேஏ 9.3, பிஎச் 7.4-இல் 99 விழுக்காடு மின்னேற்றத்தோடுதான் இருக்கும். மின்னேற்றமற்ற மூலக்கூறு சவ்வு வழியாக, சேனலின் பக்கச் சாளரங்கள் வழியாக, மூடிய சேனலிலிருந்தும் உள்ளே வெளியே போய்வர முடியும். மின்னேற்றம் கொண்டது உட்பக்கக் கேட் திறந்தால்தான் போகும். ஆகவே இரண்டு வடிவங்களையும் இரு தனி மருந்துகள் போல, அவற்றுக்கிடையே வேகமான புரோட்டான் பரிமாற்றத்தோடு எழுதுவதே சரி. மொரீனோ, கிளான்சி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஃபிளெக்கைனைடு, லிடோகெய்ன் மாதிரி இந்த வகையில்தான் கட்டப்பட்டது. மின்னேற்ற வடிவின் பிணைப்புக்கு வோல்டேஜ் சார்பும் சேர்க்க வேண்டும், ஏனெனில் பிணைப்பிடம் சவ்வின் மின்புலத்துக்குள் இருக்கிறது.

இந்த வேறுபாடு காகிதத்தோடு நிற்பதல்ல. மீட்சிக் காலமாறிலி 150 மில்லிவினாடி உள்ள மருந்து, நிமிடத்துக்கு 60 துடிப்பில், 700 மில்லிவினாடி ஓய்வில், தடையின் ஒரு விழுக்காட்டைத்தான் மிச்சம் வைக்கும். நிமிடத்துக்கு 150-இல், ஓய்வு 180 மில்லிவினாடியாகச் சுருங்கும்போது, 30 விழுக்காட்டை அடுத்த துடிப்புக்குக் கடத்தும். வேகமான தாறுமாறான துடிப்பை மட்டும் அது பிடித்து அமுக்குகிறது. மீட்சிக்குப் பத்து நொடிக்கு மேல் எடுக்கும் ஃபிளெக்கைனைடோ, சாதாரண வேகத்திலேயே தடையைத் துடிப்புக்குத் துடிப்புச் சேர்த்துவைக்கிறது. மின்கடத்தல் எப்போதும் மெதுவாகிறது. மாரடைப்புக்குப் பிந்தைய நோயாளிகளில் என்கைனைடு, ஃபிளெக்கைனைடு இரண்டும் போலி மருந்தைவிட அதிக மரணங்களோடு தொடர்புற்றன என்று காஸ்ட் ஆய்வு 1989-இல் அறிவித்தது. உரிய நேரத்துக்கு முன்பே கூடுதலாக வரும் ஒற்றைத் துடிப்புகளை அவை நன்றாகவே அடக்கின. ஆனால் வடுவுள்ள இதயத்தில் மெதுவான கடத்தல் சுழல் துடிப்புக்கு வழி திறப்பது அந்த அளவீட்டில் தெரியவில்லை. அந்த மரணங்களுக்குச் சேனல் இயக்கவியல் மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிரியும் வேகத்தை நாம் கவலையோடு அளப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இதயத்தின் பொட்டாசியம் சேனலான ஹெர்க்கிலும் இதே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. அங்கே மருந்து உள்ளே போனபின் கேட் மூடிக்கொள்கிறது. சில மருந்துகள் சிறைப்படுகின்றன. டோஃபெட்டிலைடு சிறைப்படும், வெரப்பமில் பெரும்பாலும் வெளியேறிவிடும். மிச்செசன், சாங்குனெட்டி குழுவினர் 2000-இல், மிகை எதிர்மறை வோல்டேஜில் மீண்டும் திறக்கும் ஒரு மாற்றுருவை வைத்து, சிறைப்பட்ட எம்கே-499 என்ற மருந்து அந்த வோல்டேஜில் விடுபடுவதைக் காட்டினார்கள். மருந்துகள் ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறை உண்டாக்குமா என்று கணிக்கும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பங்கேற்கும் சிப்பா திட்டம் 28 மருந்துகளை எடுத்து, 12-ஐப் பயிற்சிக்கும் 16-ஐச் சரிபார்ப்புக்கும் ஒதுக்கியது. அதன் ஹெர்க் மாதிரி சிறைப்படுதலை ஒரு தனி அளபுருவாகவே வைத்திருக்கிறது. அதற்கான மில்ன்ஸ் புரோட்டோகால், சுழி மில்லிவோல்ட்டில் 10 நொடி நீளும் துடிப்பை 25 நொடிக்கு ஒருமுறை தருகிறது: முதல் துடிப்பு பிணையும் வேகத்தைச் சொல்லும், இரண்டாம் துடிப்பின் தொடக்கம் மருந்து சிறைப்பட்டதா என்று சொல்லும். இந்த மாதிரியில் பொருத்துபவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் ஒன்று உண்டு. பிணையும் வேகம் செறிவோடு தெவிட்டும் வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சோதித்த செறிவுகள் எல்லாம் தெவிட்டும் செறிவுக்கு வெகு கீழே இருந்தால், உச்ச வேகத்தையும் தெவிட்டும் செறிவையும் தனித்தனியே கண்டறிய முடியாது. அவற்றின் விகிதம் மட்டுமே தரவில் இருக்கிறது. பொருத்தி அபத்தமாகப் பெரிய எண்களைத் தந்தால் பதற வேண்டாம். விகிதத்தையும் அதன் நம்பக இடைவெளியையும் அறிவியுங்கள். தனி எண்களை இன்னொரு மருந்தோடு ஒப்பிடாதீர்கள்.

கடைசியாக, சேனலின் முப்பரிமாணக் கட்டமைப்பில் மருந்தைக் கணினியில் பொருத்திப் பார்க்கும் டாக்கிங்கைச் செய்து நிலைவாரி நாட்டத்தை எடுத்துவிடலாமே என்ற ஆசை பலருக்கு வரும். பிணைப்பிடம் நன்றாகத் தெரிந்ததுதான். சோடியம் சேனலின் நான்காம் பகுதியின் ஆறாம் சுருளில் ஒரு ஃபினைல்அலனினும் ஒரு டைரோசினும் முக்கியம் என்று காட்டரால் குழுவினர் 1994-இல் காட்டினார்கள். ஹெர்க்கில் 652-ஆம் இடத்து டைரோசினும் 656-ஆம் இடத்து ஃபினைல்அலனினும் அதே வேலையைச் செய்கின்றன. 2017-இல் ஹெர்க்கின் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கட்டமைப்பும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் படங்கள் சவ்வில் வோல்டேஜ் இல்லாமல், அதாவது சுழி மில்லிவோல்ட்டில் எடுத்தவை. ஓய்வு நிலை அங்கே தானாகக் கிடைக்காது. கூடவே எண்ணும் இடிக்கிறது. 40 மடங்கு நாட்ட வேறுபாடு 37 பாகையில் மோலுக்கு 2.3 கிலோகலோரிதான், 1.4 கிலோகலோரி பிழை வந்தாலே பத்து மடங்கு தவறு. டாக்கிங் மதிப்பெண்களின் வழக்கமான பிழை இதே அளவில் இருக்கிறது. ஆகவே டாக்கிங்கை, எந்தப் பக்கச்சங்கிலி எங்கே தொடுகிறது, எந்த மாற்றுருவைச் செய்து பார்க்கலாம் என்று யோசிக்கப் பயன்படுத்துங்கள். நாட்டத்தின் எண்ணுக்குக் கட்டற்ற ஆற்றல் கணக்கீடு வேண்டும். கிளான்சி, வோரோபியோவ் குழுவினர் 2020-இல் டோஃபெட்டிலைடுக்கும் மாக்ஸிஃப்ளாக்சசினுக்கும் அணுநிலைக் கணக்கிலிருந்து இதயத் துடிப்பு வரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அதிலும் வரும் எண்ணை ஒரு தொடக்க மதிப்பாக, அகலமான எல்லைகளோடு எடுத்துக்கொண்டு, மீட்சித் தரவால் இறுக்குங்கள்.

உங்கள் மாதிரிக்கு இப்போது செய்ய வேண்டிய வரிசை: பிணைந்த நிலைகளை ஆற்றலில் திரும்ப எழுதி, 40 மடங்கை முதலில் முழுவதும் மீளும் வேகத்தில் வையுங்கள். நான்கு வோல்டேஜ் சோதனை தேறியதும் பிரியும் வேகத்தை −100, −120 இரண்டிலும் எடுத்த மீட்சி வளைவுகளோடு பொருத்துங்கள். இரண்டும் ஒரே எண்களால் பொருந்தாவிட்டால் 40 மடங்கைப் பகிரும் விகிதத்தைத் தளர்த்துங்கள். பிறகு எதையும் தொடாமல் 10 ஹெர்ட்ஸ் தொடரை ஓட்டிப் பாருங்கள். இருபதாம் துடிப்பில் மாதிரி காட்டும் தடை பதிவோடு ஒத்துவராவிட்டால், வேக எண்களைத் திருத்தத் தொடங்குவதற்கு முன் திறந்த நிலைத் தடையை விட்டுவிட்டோமா என்று தேடுங்கள். அந்தத் தொடரில் சேனல் திறப்பது மட்டும்தான் முந்தைய புரோட்டோகால்களைவிடப் பல மடங்கு அதிகம்.